லேப்டாப் கண்ணைச் சிமிட்டினால் படம் எடுத்ததாக அர்த்தமாம்

என் பிரியமுள்ள நாத்தனாருக்கு,

உன் அண்ணி எழுதிக்கொள்வது. நான் இங்கே நலம் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். நலமில்லை என்று எழுதினால் அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்து நிற்பாய். அதனால் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு மேலே போகிறேன். உன் வீட்டுக்காரருக்கு முதுகுவலி தேவலையா? சின்னவள் அழாமல் பள்ளிக்கூடம் போகிறாளா?

இதையெல்லாம் போனிலேயே கேட்கலாமே என்று நினைப்பாய். போனில் நீ "அண்ணி"ன்னு ஆரம்பிக்கிறே, உடனே உனக்கு அழுகை வருது, உனக்கு வந்தா எனக்கும் வருது, ரெண்டு பேரும் மாத்தி மாத்தி மூக்கை உறிஞ்சிட்டு வச்சிடறோம். சொல்ல வந்த விஷயம் அப்படியே நின்னுபோகுது. காகிதத்துல நான் அழுதாலும் உனக்குக் கேக்காது, அதனால எழுதறேன். நான் படிச்ச படிப்பு உனக்குத் தெரியும். தப்பு இருந்தா நீயே திருத்திப் படிச்சுக்கோ.

விஷயம் உங்கண்ணனோட லேப்டாப்தான். அண்ணன் படம் ஒண்ணு வேணும், சிரிச்ச முகமா இருக்கணும்னு கேட்டே. வீட்டுல அவரு படங்க இருக்கற லட்சணம் உனக்குத் தெரியாததா? கேமராவைப் பாத்தாலே விறைச்சுப்போயிடுவாரு. எங்க கல்யாணப் படத்துல யாரோ அவரைப் புடிச்சுக்கிட்டு வந்து என் பக்கத்துல நிறுத்தின மாதிரி இருக்காரு. கம்பெனி அட்டையில இருக்கற படத்தைப் பாத்தா இவரை எங்கயாவது கண்டா உடனே தகவல் சொல்லுங்கன்னு கீழ எழுதலாம் போல இருக்கு. அவரு சிரிச்சது ஒரே ஒரு இடத்துலதான் மாட்டியிருக்கு. லிஃப்ட் கதவு சிக்கிக்கிட்டா எப்படிச் சரி பண்றதுன்னு புதுசா வேலைக்கு வர்றவங்களுக்குக் காட்டறதுக்காக, கம்பெனிக்காரங்க அவரை ஒரு வீடியோ எடுத்தாங்களே, அதுல. கதவு ஓடற தடத்தைக் காட்டி, "இதுல தூசி சேந்தா கதவு முரண்டு புடிக்கும், நல்லாப் பாத்துக்குங்க"ன்னு தொண்டையைச் செருமிட்டு பேசறாரு. அப்ப வீடியோ எடுக்கற ஆள் ஏதோ கேலி பண்றான், என்னன்னு காதுல விழல. உங்கண்ணன் தலையைத் திருப்பி சிரிக்கறாரு. உனக்குத் தெரியுமே, முதல்ல தோள் ரெண்டும் மேல ஏறும், அப்புறம்தான் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பு.

அந்த வீடியோவை எடுத்து வேற எங்கயும் வைக்க முடியாதாம். கம்பெனிக்குன்னு ஒரு பக்கம் இருக்கு, அது இந்த லேப்டாப்ல மட்டும்தான் தொறக்கும். லேப்டாப்போ கம்பெனிச் சொத்து. அவங்க சூப்பர்வைசர் தங்கமான மனுஷன், ஆஸ்பத்திரியில நமக்காக ஓடினவரு. ஆனா வேலைன்னா வேலைதானே, திருப்பிக் கொடுங்கன்னு நல்லவிதமாத்தான் கேட்டாரு. நான் முதல்ல சார்ஜரைக் காணோம்னேன். அவரு வேற சார்ஜர் அனுப்பினாரு. அப்புறம் ரிப்பேருக்குக் கொடுத்திருக்கேன்னேன். எங்ககிட்ட ரிப்பேர் பண்ண ஆள் இருக்கே, எந்தக் கடைன்னாரு. கடை பேரு மறந்துபோச்சுன்னேன். இப்ப வெள்ளிக்கிழமை நேர்லயே வர்றேன்னு சொல்லிட்டாரு. இனிமே பொய் சொல்லணும்னா நான் வீட்டையே காலி பண்ணிட்டு ஓடணும்.

அதனாலதான் உன்கிட்ட வழி கேட்டேன். நீ ஆபீஸ்ல நாள் பூரா கம்ப்யூட்டரைத் தட்டறவ, "ரொம்ப சுலபம் அண்ணி, ஓடும்போதே திரையைப் படம் புடிச்சுடலாம்"னே. "மேல வலது பக்கம் ஒரு பட்டன் இருக்கும் பாருங்க"ன்னே. "எல்லாமே பட்டன்தான்டி இருக்கு, எதைச் சொல்றே"ன்னேன். ஒருவழியா அது எதுன்னு கண்டுபுடிச்சு அமுக்கினேன். ஒண்ணும் ஆகல. சத்தம் இல்ல, வெளிச்சம் இல்ல. நான் சலவைக்கடையில பெரிய இஸ்திரி மெஷின்ல நிக்கறவ. காலால மிதிச்சா புஸ்ஸுனு ஆவி கெளம்பணும், அப்பத்தான் வேலை நடந்துச்சுன்னு எனக்கு நம்பிக்கை வரும். இது கல்லுப் பிள்ளையாராட்டம் உக்காந்திருக்கு. சரி, அமுக்கறது பத்தலைன்னு நெனைச்சு வீடியோ பாதி ஓடற வரைக்கும் அமுக்கிக்கிட்டே இருந்தேன். அப்புறம் நீ சொன்னபடி படம் வரையற பக்கத்தைத் தொறந்து ஒட்டினா வந்தது என்ன தெரியுமா? சார்ஜ் தீரப்போகுதுன்னு ஒரு பெரிய பெட்டி. அதுக்குப் பின்னால உங்கண்ணன் காது.

காதும் அவரு காதுதான், இல்லேங்கல. ஆனா அதை உனக்கு எப்படி அனுப்பறது?

அதுக்கு நீ என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா? "அண்ணி, அது கடைசியா எடுத்ததை மட்டும்தான் நெனப்புல வச்சிருக்கும், புதுசா ஒண்ணு எடுத்தா அதுக்கு முந்தி எடுத்ததை மறந்துடும்"னு சொல்லிட்டு சிரிச்சே. "லைன்ல இருக்கீங்களா"ன்னு கேட்டே. அடுப்புல பால் பொங்கிடுச்சுன்னு சொல்லி வச்சிட்டேன். அடுப்புல பாலே இல்ல. நானும் அந்த லேப்டாப் மாதிரிதான் ஆயிட்டேன்னு உன்கிட்ட எப்படிச் சொல்றது? இத்தனை வருஷம் அந்த மனுஷனோட குடித்தனம் பண்ணியிருக்கேன். சோப்புப் போட்டும் போகாத கிரீஸ் கையோட வந்து கதவைத் தட்டினது, என் மேல கோவிச்சுக்கிட்டு சாப்பிடாம படுத்துட்டு அப்புறம் தானே எழுந்துபோய் சட்டியைத் தொறந்து பாத்தது, எல்லாம் ஞாபகத்துல இருக்கு. ஆனா கண்ணை மூடினா எல்லாத்துலயும் ஆஸ்பத்திரி முகம்தான் வந்து உக்காருது. வாயில குழாய் வச்சு, கன்னம் வீங்கி, அது அவரே இல்ல. கதவைத் தட்டறதும் அந்த முகம்தான், சட்டியைத் தொறக்கறதும் அந்த முகம்தான். முந்தி இருந்த முகம் ஒண்ணுகூட வரமாட்டேங்குது. நீ செவுத்துல மாட்ட படம் கேட்டே. எனக்கு செவுத்துக்கு வேண்டாம். அந்த முகத்தைத் தள்ளிட்டு அதே எடத்துல வைக்க ஒண்ணு வேணும்.

அடுத்த நாள் நீ வேற வழி சொன்னே. கீழ ஜன்னல் போட்ட பட்டனையும் இதையும் சேத்து அமுக்குங்க, அதுவே படத்தை எடுத்து உள்ள வச்சுக்கும்னே. சேத்து அமுக்கினேன். திரை ஒரு நொடி இருட்டிட்டு வந்துச்சு. கம்பெனிச் சொத்தை ஒடைச்சுட்டோம்னு நெனைச்சு மூடி வச்சிட்டு அது மேல துண்டைப் போட்டு மூடிட்டேன். சாயங்காலம் மெதுவா எடுத்து, இன்னும் அந்தக் கோளாறு இருக்கான்னு பாக்க மறுபடியும் அமுக்கினேன், மறுபடியும் கண்ணைச் சிமிட்டுது. "என்னத்துக்கு என்னைப் பாத்து கண்ணடிக்கிற, மானங்கெட்டதே"ன்னு திட்டினேன். வீடியோவை ஓடவிட்டேன், அது சிமிட்ட, நான் அமுக்க, நான் அமுக்க, அது சிமிட்டன்னு முழுக்க இப்படியே போச்சு. கையை எடுக்கவே இல்ல. வீடு பூரா பழுதான டியூப்லைட் மாதிரி மினுக்கிச்சு.

மாடியில குடியிருக்கற டீச்சரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஒவ்வொரு தடவை சிமிட்டும்போதும் ஒரு படம் எடுத்திருக்கும்மா"ன்னு சொல்லி திரையில மஞ்சளா இருந்த ஒரு பையைத் தொறந்து காட்டினாங்க. அடேயப்பா! குட்டிக் குட்டியா உங்கண்ணன், கீழ தள்ளத் தள்ள வந்துகிட்டே இருக்காரு. "எங்க பள்ளிக்கூடத்துச் செவுரு எல்லாத்துலயும் ஒட்டினாலும் மீதி இருக்கும் போலிருக்கே"ன்னு சொல்லிட்டு அவங்க போயிட்டாங்க. நான் ஆசையா முதல் படத்தைத் தட்டினேன். அது திரை முழுக்க விரிஞ்சுச்சு. உங்கண்ணன் நிக்கறாரு, நெஞ்சுக்கு நேரா அந்த முக்கோணம், வீடியோ ஓடணும்னா தட்டுவோமே அது. தட்டினேன். பேசல. மறுபடி தட்டினேன். பேசல. சரி மூடிட்டு மறுபடி தொறப்போம்னு மூலையில இருக்கற பெருக்கல் குறியைத் தட்டினா அதுவும் கேக்கல. உயிர் போயிடுச்சும்மா எனக்கு. வீடியோவைக் கெடுத்துட்டேன், இருந்த ஒண்ணும் போச்சுன்னு நெனைச்சு, "பேசுங்களேன், வெள்ளிக்கிழமை வந்து தூக்கிட்டுப் போயிடுவாங்க, அதுக்குள்ள ஒரு வார்த்தை பேசுங்களேன்"னு அந்தத் திரைகிட்ட கெஞ்சறேன். உயிரோட இருந்தப்ப இந்த மாதிரி ஒருநாள் கெஞ்சியிருந்தா மனுஷன் எனக்கு என்னவோ ஆச்சுன்னு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருப்பாரு.

லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு ஒத்தைச் செருப்போட மாடிக்கு ஓடினேன். டீச்சரம்மா ஒரு பட்டனைத் தொட்டாங்க, எல்லாம் சரியாப்போச்சு. "இது படம்மா. முக்கோணமும் படம், பெருக்கல் குறியும் படம். படத்துல இருக்கற பட்டனைத் தட்டினா எப்படிப் பேசும்?"னாங்க. "அவருதான் படமாப் போயிட்டாரு, பட்டனாச்சும் நெஜமா இருக்கக்கூடாதா டீச்சர்"னு கேட்டுட்டேன். அவங்க சிரிக்கல. உள்ள போய் டீ போட்டு எடுத்துட்டு வந்தாங்க. அதுல சர்க்கரை போட மறந்துட்டாங்க, நானும் கேக்கல.

சரி, இத்தனை படத்துல ஒண்ணாச்சும் தேறாதான்னு உக்காந்து பாத்தேன். ஒண்ணுல தும்மல் வரப்போற மாதிரி மூக்கைச் சுருக்கியிருக்காரு. ஒண்ணுல அரைக்கண்ணு மூடியிருக்கு, வேலை நேரத்துல தூங்கறார்னு கம்பெனி நோட்டீஸ் அனுப்பலாம். ஒண்ணுல வாயை ஒரு பக்கமா கோணி, கொய்யாப்பழத்துல விதை கடிச்ச மாதிரி. இன்னொண்ணுல மூஞ்சியே கலங்கி வெறும் பல்லு மட்டும் நிக்குது. புதுசா மாத்தணுமா, இப்பவா அப்புறமான்னு கேக்கற பெட்டி வேற நடுவுல நடுவுல வந்து அவரு தோள்ல கையைப் போட்டுக்கிட்டு நிக்குது. சிரிக்கறதுக்கு முந்தின முகம் இருக்கு, சிரிச்சு முடிச்ச முகம் இருக்கு. சிரிப்பு மட்டும் எந்தப் படத்துலயும் உக்காரல. உங்கண்ணன் என்னிக்கு ஒரு எடத்துல உக்காந்தாரு, அவரு சிரிப்பு உக்கார்றதுக்கு?

அதனால நான் முடிவா சொல்றது இதுதான். படம் எடுக்கறது நமக்கு ஆகாது. நீ வியாழக்கிழமை லீவு போட்டுட்டு வா. இருக்கறதுல கோணல் கம்மியா இருக்கற ஒண்ணைப் பொறுக்கி உன் போன்லயும் என் போன்லயும் ஏத்திடு. மிச்சம் அத்தனையையும் அழிச்சுடு. கம்பெனி ஆளுங்க தொறந்து பாத்தா, பாவம் இந்தப் பொம்பளைக்குப் புத்தி கலங்கிடுச்சுன்னு பேசுவாங்க. நானே அழிக்கலாம்னு பாத்தேன், "நிச்சயமா அழிக்கவா?"ன்னு அது கேக்குது. இந்தக் கேள்விக்கு நான் ஆமான்னு சொல்லணுமா? என்னால ஆகல. உனக்குக் கொஞ்சம் கல்லு மனசு, கோவிச்சுக்காதே, அவரு பழைய ஷூவைத் தூக்கிப் போட்டவ நீதானே. அப்படியே வெள்ளிக்கிழமையும் இருந்து சூப்பர்வைசர்கிட்ட நீயே லேப்டாப்பைக் கொடுத்துடு. நான் கொல்லைப்பக்கம் துணி காயப்போடற மாதிரி இருந்துக்கறேன்.

உன் வீட்டுக்காரருக்கு என் வணக்கம். குனிஞ்சு கனம் தூக்க வேண்டாம்னு சொல்லு. சின்னவளுக்கு ரெண்டு கன்னத்துலயும் அத்தையோட முத்தம். நீங்க மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்து சலிச்சுப்போற வரைக்கும் நல்லா இருக்கணும்.

இப்படிக்கு,
உன் அண்ணி

பின்குறிப்பு: மேலே எழுதினது எதையும் செய்யாதே. ஒரு படத்தையும் அழிக்க வேண்டாம். கடுதாசியை மடிக்கறதுக்கு முந்தி கடைசியா ஒரு தடவை பொறுக்கிப் பாப்போம்னு உக்காந்தேன். அடுத்த படத்துக்குப் போக அம்புக்குறி போட்ட பட்டன் ஒண்ணு இருக்கு. இஸ்திரி மெஷின் பழக்கம், அமுக்கின விரலை எடுக்க மறந்துட்டேன். படங்க ஒண்ணு மேல ஒண்ணா ஓடுது, உங்கண்ணன் தலையைத் திருப்பறாரு. தோள் ஏறுது. சிரிக்கறாரும்மா! வெட்டி வெட்டித்தான் சிரிக்கறாரு, ஆனா அதே சிரிப்பு. எந்தப் படத்துலயும் இல்லாதது எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியல.

உன்கிட்ட ஒண்ணு சொல்லல. அந்த வீடியோ முடியும்போது அவரு குனிஞ்சு பையை எடுத்துக்கிட்டு லிஃப்டுக்குள்ள போவாரு, கதவு மூடிக்கும். நான் அதுக்கு முந்தியே முகத்தைத் திருப்பிக்குவேன், முதல் தடவைக்கு அப்புறம் ஒருநாளும் பாத்ததில்ல. படம் எடுத்த அன்னிக்கும் திருப்பிக்கிட்டேன், விரல் மட்டும் பட்டன்லயே இருந்திருக்கு போல. அதனால இந்தத் தடவை பாத்துட்டேன். போனாரு. கதவு மூடிடுச்சு. பதறிப்போய் கைக்குக் கிடைச்ச பட்டனை அமுக்கிப் புடிச்சுக்கிட்டேன். அது எதிர்ப்பக்கம் போற அம்புக்குறி. கதவு தொறந்துச்சு. பின்னாலயே நடந்து வெளியே வந்து, பையைக் கீழ வச்சாரு. சிரிச்சாரு.

டீச்சரம்மா அத்தனையையும் ஒரு சின்ன பென்டிரைவ்ல போட்டுக் கொடுத்துட்டாங்க, டிவியில சொருகினாலும் வருமாம். வெள்ளிக்கிழமை லேப்டாப்பை நானே சூப்பர்வைசர் கையில கொடுத்துக்கறேன். ஆனா நீ வியாழக்கிழமை வா. கதவு மூடும்போது பயந்துடாதே. எந்தப் பட்டன்னு நான் சொல்லித் தர்றேன்.