எங்கள் லாட்ஜில் இன்னும் 1998

மேலகரம்,
ஆனி 25.

பிரியமுள்ள மைத்துனர் சிரஞ்சீவி இசக்கிராஜாவுக்கு, அத்தான் குற்றாலிங்கம் எழுதிக்கொண்டது. இங்கே நான் சுகம், அருவியில் தண்ணீரும் சுகம். பெங்களூரில் நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருக்கக் குற்றாலநாதரை வேண்டிக்கொண்டேன். உன் அக்காள் அனுசியாவின் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பதறாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை. கம்ப்யூட்டருக்கு உடம்பு சரியில்லை, அதனால் அவளுக்கு மனசு சரியில்லை, அதனால் எனக்கு எதுவுமே சரியில்லை. போனில் சொல்லித் தொலைக்கலாமே என்பாய். நான் போனில் பேசினால் பக்கத்துத் தெரு வரை கேட்கும் என்பது உனக்குத் தெரியும். அவள் காதில் விழாமல் உன்னிடம் வந்து சேர வேண்டிய சங்கதி என்பதால் கூரியரில் விடுகிறேன்.

நீ கல்லூரியில் படிக்கும்போது குற்றாலத்தில் இருக்கும் நம் லாட்ஜுக்காக எழுதிக் கொடுத்தாயே 'சாரல்' என்று ஒரு புரோகிராம், அன்றையிலிருந்து இந்த சீசன் வரை வரவேற்பு மேஜையில் அதுதான் ஓடியது, அதை ஓட்டியது உன் அக்காள். F2 அமுக்கினால் எந்த அறை காலி என்று தெரியும், F5 அமுக்கினால் சாவி கொடுத்ததாகக் கணக்கு. வருகிறவர்களிடம் 'எண்ணெய் தேய்த்துக் குளிப்பீர்களா?' என்று கேட்டுப் போட ஒரு கட்டம் வைத்திருந்தாய். ஆமாம் என்றால் பழைய படுக்கை விரிப்பு, இல்லை என்றால் புதுசு. அவள் கீபோர்டைப் பார்க்கவே மாட்டாள், வந்தவர் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே எல்லாவற்றையும் அமுக்கி முடித்துவிடுவாள். உன் புரோகிராமில் ஒரே ஒரு குறை, அது 2000-ஆம் வருஷத்தை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. அதற்கும் உன் அக்காள் ஒரு வழி வைத்திருந்தாள். எந்தப் பழைய வருஷத்துக்குக் கிழமை பொருந்துகிறதோ அந்த வருஷத்தைக் கம்ப்யூட்டரில் வைத்துவிடுவாள், பில்லில் வருஷத்தை மட்டும் பேனாவால் திருத்திக் கொடுப்பாள். அந்தக் கணக்குப்படி எங்களுக்கு இப்போது 1998 நடக்கிறது.

சீசன் தொடங்கிய முதல் வாரத்தில் ஒரு இடி இடித்தது பார், அதோடு பழைய கம்ப்யூட்டர் கண்ணை மூடிவிட்டது. தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் நாசரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். நல்ல மனுஷன், ஆனால் எதைக் கேட்டாலும் 'ஒண்ணுமில்ல' என்றுதான் ஆரம்பிப்பார். பழைய பெட்டியிலிருந்து 'சாரலை' மட்டும் உயிரோடு எடுத்து, என் தலையில் ஒரு புது லேப்டாப்பைக் கட்டினார். அதில் 'சாரலை'த் திறந்தால், இது இந்தக் கணினியில் இயங்காது என்று ஒரு வரி வந்து நின்றது.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி, இது அறுபத்துநாலு பிட்டு, ஒங்க மச்சினர் எழுதுனது பதினாறு பிட்டு. ரெண்டுக்கும் பேச்சுவார்த்த கிடையாது" என்றார். சம்பந்திச் சண்டை போலவே சொன்னார். "அப்ப என்னவே செய்ய?" என்றேன். "புதுசுக்குள்ள ஒரு பழைய கம்ப்யூட்டர கெட்டி வச்சிருதேன், அதுக்குள்ள சாரல் ஓடும்" என்றார். ஓடத்தான் செய்தது, தீப்பெட்டி அளவு கட்டத்துக்குள். உன் அக்காள் என் கண்ணாடி, அவள் கண்ணாடி இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள்.

அது போதாதென்று இதற்காக 1998 என்று தேதி வைத்தேன், உடனே இன்டர்நெட் 'உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது' என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டது. ஆன்லைனில் அறை பிடித்தவர்கள் போனை நீட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறார்கள், யார் யார் என்றே எனக்குத் தெரியவில்லை. சரி, சனியனைத் தலைமுழுகுவோம் என்று ஊரெல்லாம் வைத்திருக்கிற புது ஹோட்டல் சாப்ட்வேர் ஒன்றுக்குச் சந்தா கட்டினேன். அது தேதியைப் பார்த்துவிட்டு, உங்கள் சந்தா இன்னும் தொடங்கவில்லை என்றது. தேதியைத் திருத்தினால் அது ஓடுகிறது, 'சாரல்' நிற்கிறது. தேதியைப் பின்னால் தள்ளினால் 'சாரல்' ஓடுகிறது, அது நிற்கிறது. ஒரே நாளில் இரண்டு வருஷங்களுக்கும் போய்ப் போய் வந்து எனக்குத் தலை சுற்றுகிறது மாப்பிளே.

அந்தப் புது சாப்ட்வேரில் ஓர் அறைக்கு மூன்று பேருக்கு மேல் போட முடியாது. குற்றாலத்துக்கு மூன்று பேராக யார் வருகிறார்கள்? வேனில் வருகிறார்கள், அண்டா குண்டாவோடு வருகிறார்கள். எண்ணெய்க்கு அதில் கட்டமே கிடையாது, ஆகவே நான் கேட்கவில்லை. ஆடிக்காக எடுத்து வைத்திருந்த வெள்ளை விரிப்பெல்லாம் இப்போது வடைச் சட்டியில் போட்டு எடுத்தது மாதிரி இருக்கிறது. அறையை மாற்ற வேண்டுமென்றால் பேரைப் பிடித்து இழுத்து அடுத்த கட்டத்தில் விட வேண்டுமாம். நான் இழுத்துவிட்டதில் சுரண்டையிலிருந்து வேனில் வந்த கூட்டம் மொத்தமும் கடையத்திலிருந்து வந்திருந்த புதுமணத் தம்பதியின் அறைக்குள் போய் விழுந்தது. மாப்பிள்ளைப் பையன் தங்கமானவன், எல்லோருக்கும் டீ சொன்னான். புதுப்பெண் என்னைப் பார்த்த பார்வையைத்தான் மறக்க முடியவில்லை.

இதெல்லாம் கிடக்கட்டும். விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை வாசல் வரை வரிசை. உன் அக்காள் எப்போதும்போல வந்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே F5 அமுக்கினாள். லேப்டாப்பில் அந்தப் பொத்தானுக்கு வெளிச்சத்தைக் குறைக்கிற வேலை போலிருக்கிறது, திரை இருண்டுவிட்டது. F2 அமுக்கினாள், எங்கோ சத்தம் கூடியது. இன்னொரு பொத்தானையும் சேர்த்து அமுக்க வேண்டும் என்று நாசர் சொல்லியிருந்தது அந்த நேரத்தில் இரண்டு பேருக்கும் நினைவில்லை. வரிசையில் நின்ற ஒருத்தன், "ஆன்ட்டி, கொஞ்சம் ஒதுங்குங்க, நான் பாக்கேன்" என்று மேஜைக்குள்ளேயே கையை விட்டுவிட்டான். அவள் எழுந்தாள், சாவிக்கொத்தை என் கையில் வைத்தாள், "நீங்களே பாத்துக்கிடுங்க, நான் வீட்டுக்குப் போறேன்" என்றாள், போய்விட்டாள்.

அன்றையிலிருந்து அவள் லாட்ஜுப் பக்கம் வரவில்லை. அறை துடைக்கிற பாண்டியிடம் மதியச் சாப்பாடு மட்டும் கொடுத்துவிடுகிறாள், குழம்பில் ஒரு நாள் உப்பு இல்லை, மறுநாள் உப்பு மட்டும்தான் இருந்தது. ராத்திரி நான் போனால் தூங்கியிருக்கிறாள், காலையில் கேட்டால், "ஒண்ணுமில்லங்க" என்கிறாள். நாசர் சொல்கிற 'ஒண்ணுமில்ல'வுக்காவது அர்த்தம் தெரியும். இத்தனை சீசனும் அந்த நாற்காலியில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தவளை நாலு பேர் முன்னால் ஒதுங்கச் சொல்லிவிட்டான் ஒருத்தன், நான் பக்கத்தில் மரம் மாதிரி நின்றேன். லாட்ஜ் எப்படிப் போனாலும் போகட்டும், அவள் முகம் வாடினால் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஆகையால் மாப்பிளே, உன் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன். நீ இப்போது பெரிய கம்பெனியில் பெரிய ஆள், தெரியும். இருந்தாலும் இரண்டு நாள் லீவு போட்டு, 'சாரலை' இந்தப் புதுக் கம்ப்யூட்டரில் ஓடுகிற மாதிரி மறுபடி எழுதிக் கொடு. அதே F2, அதே F5, அதே எண்ணெய். எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிசாக இருக்கட்டும். 2000-ஆம் வருஷத்தையும் மனது வைத்து ஏற்றுக்கொள்ளச் சொல். அவள் பழையபடி நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டால் எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம். ஐந்தருவித் தண்ணீர் போலக் குறைவில்லாமல் எல்லோரும் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் அத்தான்
குற்றாலிங்கம்

பின்குறிப்பு: ஒட்டின கவரைக் கிழித்துவிட்டு எழுதுகிறேன். இதைக் கூரியரில் போடச் சொல்லி பாண்டியைக் கூப்பிட்டால் அவன், "அண்ணாச்சி, மதினிய மெயினருவில பாத்தேன். பக்கத்து வீட்டு இராமலட்சுமியக்காவும் கூட நிக்காவ" என்றான். சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். பெண்கள் பக்கத்திலிருந்து உன் அக்காள் சொட்டச் சொட்ட வருகிறாள், தலையெல்லாம் விரிந்து கிடக்கிறது, இராமலட்சுமி தோளைப் பிடித்துக்கொண்டு அப்படி ஒரு சிரிப்பு. என்னைக் கண்டதும் சிரிப்பை விழுங்கிவிட்டாள். "என்னங்க இங்கன நிக்கிய? லாட்ஜ யாரு பாக்கா?" என்றாள். "கோவமா ஏட்டி?" என்றேன். "என்ன கோவம்? தெனமும் இங்கனதான் வாரேன். கல்யாணமாயி வந்ததுலேருந்து சீசனுக்கு ஒரு நாளாச்சும் இந்தத் தண்ணி என் தலையில விழுந்திருக்கா? ஊரெல்லாம் குளிக்க வந்துச்சு, நான் சாவி குடுத்துக்கிட்டே கெடந்தேன்" என்றாள். அருவிக்கும் நம் லாட்ஜுக்கும் கூப்பிடு தூரம் இசக்கிராஜா, அவளைக் குளிக்க அனுப்ப எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

பிறகு அவளே, "சாரல் சரியாயிட்டா சொல்லுங்க, வந்து உக்காந்துருதேன். தம்பி செஞ்சது, நான் இல்லாம ஓடாது" என்றாள். சொல்லும்போதே முகம் சுருங்கிவிட்டது. நான் அருவிக்கு ஓடி வரும் வழியில்தான் நாசர் போன் பண்ணி, 'சாரலை' முழுத் திரைக்கு, பழைய பொத்தான்களோடு, சொன்னபடி கேட்கிற மாதிரி ஓடவைத்துவிட்டதாகச் சொல்லியிருந்தார். "அது எங்க சரியாவ? நாசரே கைய விரிச்சுட்டாரு" என்று சொல்லிவிட்டேன். அவள் மறுபடி குளிக்கப் போய்விட்டாள்.

ஆகவே மேலே எழுதிய எதையும் நீ செய்ய வேண்டாம். 'சாரல்' ஓடுவதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று நாசரிடம் சொல்லிவிட்டேன், இனி உன்னிடமும் சொல்கிறேன். சீசன் முடிந்து ஆவணி பிறக்கும் வரை உன் அக்காள் போன் பண்ணிக் கேட்டால், கல்லூரியில் படித்ததெல்லாம் சுத்தமாக மறந்துவிட்டது என்று சொல்லிவிடு.