கையெழுத்துப் போட்டால் சொல்கிறேன்

"நான் ஒண்ணு வச்சிருக்கேன். வெளிய வந்தா உலகமே திரும்பிப் பாக்கும். ஆனா இப்ப சொல்ல முடியாது."

இந்த மூன்று வாக்கியங்களை இதே வரிசையில் உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால், நீங்கள் ஐடியாக் காவலரைச் சந்தித்துவிட்டீர்கள். இந்த இனம் அலுவலகத்துக்கு ஒன்று உண்டு. பெரிய அலுவலகமென்றால் இரண்டு. இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாது.

அடையாளம் காண்பது சுலபம். மடிக்கணினியின் கேமரா மேல் பிளாஸ்திரி ஒட்டியிருப்பார். கைபேசியை மேசையில் குப்புறத்தான் வைப்பார். தேநீர் நேரத்தில் "அந்த விஷயம் இருக்கே..." என்று தொடங்கிப் பாதியில் நிறுத்திச் சுற்றுமுற்றும் பார்ப்பார். "எந்த விஷயம் சார்?" என்று கேட்டால் உதட்டில் விரல் வைப்பார். கேட்காவிட்டால்? அன்று முழுக்க முகம் தொங்கிப் போயிருக்கும்.

நமக்குத் தெரிந்தவர் ஒரு கம்ப்யூட்டர் பிரிவின் மேலாளர். அலுவலகத்தில் அவருக்கு 'பூட்டு சார்' என்று பெயர். பையில் எப்போதும் ஒரு கட்டு ஒப்பந்தம் இருக்கும்: 'இவர் சொல்வதை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று இரண்டு பக்கத்துக்கு உறுதிமொழி. "கையெழுத்துப் போட்டா சொல்றேன்" என்பார். மனைவி போட்டிருக்கிறார். கல்லூரியில் படிக்கும் மகள் போட்டிருக்கிறாள். மைத்துனர் சாப்பிட வந்த இடத்தில், கை கழுவும் முன்பே போட்டுத் தொலைத்தார்.

அந்த ஒப்பந்தம் எங்கிருந்து வந்தது என்கிறீர்கள்? இணையத்தில் ஏதோ ஒரு சோப்புக் கம்பெனியுடையது. அப்படியே எடுத்துக்கொண்டார். ஏழாவது பத்தியை மாற்ற மறந்துவிட்டதால், அவர் மனைவி 'நுரை தயாரிக்கும் முறையை' ஆயுள் முழுக்க வெளியிட முடியாது. அவர் கணினியில் இருக்கும் மென்பொருளில் பாதி காசு கொடுக்காமல் இறக்கியது. ரகசியமாகச் செய்துகொண்டிருந்த கருவிக்கான புரோகிராமில் முக்கால்வாசியைச் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வாங்கினார். அது யார் யார் எழுதியதையெல்லாம் படித்துவிட்டுக் கொடுத்ததோ, இவருக்கு அந்தக் கவலை இல்லை. மற்றவர்களுடையதை இவர் எடுத்தால் அது ரெஃபரன்ஸ். இவருடையதை ஒருவர் எட்டிப் பார்த்தால் திருட்டு. இதில் இன்னொரு வேடிக்கை, தன் யோசனையை அடி முதல் நுனி வரை அந்த இயந்திரத்திடம்தான் கொட்டியிருந்தார். அதனிடம் மட்டும் கையெழுத்துக் கேட்கத் தோன்றவில்லை.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் செய்தது நல்ல பொருள். கைக்கு அடக்கமான ஒரு பெட்டி. மோட்டார் ஓடும் சத்தத்தைக் கேட்டு, எந்தப் பாகம் தேய்கிறது, எப்போது மக்கர் செய்யும் என்று முன்கூட்டியே கைபேசிக்குச் செய்தி அனுப்பும். அவர் குடியிருக்கும் கட்டடத்தின் மொட்டை மாடியில், லிஃப்ட் மோட்டாருக்குப் பக்கத்தில் அதை மாட்டியிருந்தார். யாரும் சந்தேகப்படாமலிருக்க மேலே 'எலி விரட்டி' என்று எழுதி ஒட்டியிருந்தார்.

காப்புரிமை வாங்க ஒரு வக்கீலம்மாவிடம் போனார். அந்த அம்மா கையெழுத்துப் போட்ட பிறகுதான் இவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இப்ப சொல்லுங்க சார்."

"ஒரு கருவி. ஒரு பொருள்லேருந்து வர்ற ஒண்ணை அது கவனிக்கும். கவனிச்சிட்டு ஒண்ணு சொல்லும்."

வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்தார். "சார், காப்புரிமைன்னா பூட்டி வைக்கிறது இல்ல. எப்படிச் செஞ்சீங்கன்னு முழுசா எழுதிக் கொடுக்கணும். அதை எல்லாரும் படிக்கிற மாதிரி வெளியிடுவாங்க. பதிலுக்கு, குறிப்பிட்ட வருஷத்துக்கு நீங்க மட்டும்தான் இதைச் செய்யலாம், விக்கலாம்னு சட்டம் சொல்லும். இதான் பேரம்."

"எல்லாரும் படிப்பாங்களா? அப்ப திருடிருவாங்களே!"

"எழுதிக் கொடுத்திருந்தாத்தான் திருடினவன் மேல கேஸே போட முடியும். சீக்கிரம் கொடுங்க. அதுக்கு முன்னாடி இது வெளிய யார் காதுலயும் விழக்கூடாது."

இதில் கடைசி வாக்கியம் மட்டும்தான் பூட்டு சாரின் காதில் ஏறியது. வீட்டுக்கு வந்து காகிதத்தையெல்லாம் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். சாவியை எங்கே வைத்தார் என்று மனைவிக்குத் தெரியும். அது வேறு விஷயம்.

இப்படியே மாதங்கள் போயின. ஒரு நாள் மாலை பெட்டியிலிருந்து செய்தி வந்தது: லிஃப்டின் பேரிங் தேய்ந்துவிட்டது, எந்த நேரமும் நின்றுவிடலாம். மனிதர் துள்ளிக் குதித்தார். வேலை செய்கிறது! குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என்ன கேட்பார்? "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றுதானே? வாயை இறுக மூடிக்கொண்டார். மனைவியிடம் மட்டும் சொன்னார்.

"நாளைக்கு லிஃப்ட்ல போகாத."

"ஏங்க?"

"கேக்காத."

முட்டிவலிக்காரி, இரண்டு கையிலும் பை, ஏறவேண்டியது நாலு மாடி. காரணம் சொல்லாத கட்டளையை எந்த மனைவி மதிப்பாள்? மறுநாள் அவள் ஏறிய லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றது. ஒவ்வொரு தளத்திலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். பூட்டு சார் கம்பிக் கதவருகே குனிந்தார்.

"பயப்படாத. ஆளு வந்துட்டிருக்கான்."

உள்ளே பைகளைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "என்னங்க, இது நிக்கப் போகுதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"மெதுவாப் பேசு. நீ கையெழுத்துப் போட்டிருக்க."

அவ்வளவுதான். அந்த அம்மாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் மடை திறந்துகொண்டது. "அந்த எலி விரட்டிப் பெட்டி சத்தத்தைக் கேட்டுச் சொல்லுச்சுல்ல? பேரிங் தேயறது முன்கூட்டியே தெரியும்னு நீங்கதானே பெருமையடிச்சீங்க? அப்ப செயலாளர்கிட்ட சொல்றதுக்கென்ன?" லிஃப்ட் கூண்டு அந்தக் குரலை மேலும் கீழும் அழகாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஒரு வீடு பாக்கியில்லை.

உலகம் திரும்பிப் பார்த்ததா? செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அதெல்லாம் இருக்கட்டும் சார். எப்ப சரியாகும்?"

மனைவி பத்திரமாக வெளியே வந்ததும் பூட்டு சார் வக்கீலம்மாவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார். "அத்தனை பேரு முன்னாடியா? சார், இனிமே இதைப் புதுசுன்னு சொல்லி வாங்கறது ரொம்பக் கஷ்டம்" என்றார் அவர்.

பூட்டு சார் விடுவாரா? அன்று மாலையே ஒப்பந்தக் கட்டோடு கிளம்பினார். 'நான் எதையும் கேட்கவில்லை' என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கப் போனார். இரண்டாம் மாடியில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு பக்கத்தையும் படித்தார்.

"போடறேன் சார். ஆனா எதைக் கேக்கலைன்னு போடணும்? அதை விவரமாச் சொல்லுங்க. தெரியாத விஷயத்துல நான் கையெழுத்துப் போடறதில்ல."

பூட்டு சார் பையைக் கீழே வைத்தார். பிறகு உட்கார்ந்தார். ஒப்பந்தத்தின் பின்பக்கத்திலேயே படம் போட்டு விளக்க ஆரம்பித்தார். வாத்தியார் நடுநடுவே நல்ல கேள்வியாகக் கேட்டார். தேநீர் வந்தது. அடுத்த வீட்டில் இன்னும் நன்றாகச் சொன்னார். அதற்கடுத்த வீட்டில் காகிதத்தை எடுக்கவே மறந்துவிட்டார். இத்தனை காலம் பூட்டி வைத்திருந்ததைச் சொல்லச் சொல்ல, மனிதர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. இதே வாயால் இதையே வக்கீலம்மாவிடம் சொல்லியிருந்தால், பெட்டி அவருடையதாக இருந்திருக்கும்.

திருந்தினாரா என்கிறீர்களா? மறுநாள் தேநீர் நேரத்தில் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நான் இன்னொண்ணு வச்சிருக்கேன்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் படித்துக்கொண்டு வரும்போதே, 'நம்மகிட்டயும் ஒண்ணு இருக்கே' என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்கவில்லையா? இல்லையென்றால் சரி. பக்கத்தில் இருப்பவர் என்ன படிக்கிறீர்கள் என்று சும்மா எட்டிப் பார்க்கிறார். அதற்கு ஏன் இதை நெஞ்சோடு சேர்த்து மூடுகிறீர்கள்?