தறியில் முடிந்த கார் கம்பெனி

அம்பத்தூரில் ஆரம்பித்து டோக்கியோ வரை நடந்தே போய்த் தேடினாலும், ஒரு கார் கம்பெனியின் சரித்திரத்தை எங்கள் ஜப்பான் அளவுக்குக் கரைத்துக் குடித்த ஆள் கிடைக்கமாட்டார். அந்தக் கம்பெனியின் முதலாளிகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவருக்கு ஜப்பானிய மொழியில் ஓர் எழுத்துகூடத் தெரியாது, கார் ஓட்டத் தெரியாது, சைக்கிளில்கூட ஊரெல்லாம் ஏறும் பக்கத்தை விட்டுவிட்டு எதிர்ப்பக்கமாக ஏறுவார் என்பதெல்லாம் வேறு விஷயம்.

ஜப்பான் என்பது அவருடைய சொந்தப் பெயர் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் டைம் கீப்பராக இருந்த தொழிற்சாலையில் அவர் டர்னர். லேத்தில் அவர் கடைந்த இரும்பைச் சோதிக்கிறவர்கள் அளந்து பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். அவர் கடைந்தது என்றால் சரியாகத்தான் இருக்கும். அவருடைய உண்மையான பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. தினமும் காலையில் அதற்கு எதிரே டிக் அடித்தவன் நான்தான். இன்றைக்கு எவ்வளவு மண்டையை உடைத்துக்கொண்டாலும் அந்தப் பெயர் ஞாபகத்துக்கு வரமாட்டேன் என்கிறது.

அறுபதுகளின் நடுவில் எங்கள் தொழிற்சாலைக்கு ஜப்பானிலிருந்து ஒரு மெஷின் வந்தது. மரப்பெட்டியைப் பிரித்தபோது, வைக்கோலுக்கு நடுவே கெட்டி அட்டை போட்ட ஒரு புத்தகம் கிடந்தது. அதை யார் வைத்தார்கள், எதற்கு வைத்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை குழப்பம். மெஷினுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பக்கத்துக்குப் பக்கம் கார் படம். எழுத்தெல்லாம் மேலிருந்து கீழாகத் தோரணம்போலத் தொங்கியது. ஏதோ ஒரு கார் கம்பெனி தன் கதையைப் படம் போட்டு அச்சடித்த புத்தகம் என்பது மட்டும் புரிந்தது.

மேனேஜர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "யாருக்குய்யா வேணும் இது?" என்றார். நம்மவர் காக்கி நிஜாரில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். அன்று மத்தியானம் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் அவர் பெயர் ஜப்பான் ஆகிவிட்டது.

அதற்கப்புறம் எட்டு வருஷம், நாங்கள் கேன்டீனில் டிபன் பாக்ஸைத் திறந்தால் அவர் புத்தகத்தைத் திறப்பார்.

"இத்த பாரு டைமு." டைம் கீப்பரான என்னை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். "மொதல்ல இன்னா கீது? கப்பலு. கப்பல் நெறைய காரு. சீமைக்கு அனுப்பறான். கலர் கலரா சோக்கா கீதா? இப்ப அடுத்த பக்கம் வா. காரு சின்னதா பூட்ச்சு. அப்பால வெறும் லாரி. அதுக்கும் அப்பால பாரு, கார அக்கு அக்கா கழட்டி தரைல பரப்பிட்டான், போதும்டா சாமின்னு. கடைசி பக்கம் இன்னா? மரத் தறி. பக்கத்துல அவன் அம்மா குந்திகினு கீது. அவ்ளோ பெரிய மொதலாளி, அத்தினியும் வுட்டுட்டு அம்மாவாண்ட வந்து தறி போட்டாம்பா. எந்த ஊர்ல எந்த மொதலாளி செய்வான் சொல்லு."

எங்களுக்குச் சந்தேகம் வராமல் இல்லை. வெல்டர் மரியதாஸ் கேட்டே விட்டார். "அண்ணாத்தே, மொதல்ல கலர் போட்டோவா கீதே, போவப் போவ கறுப்பு வெள்ளையா ஆயிடுதே, அது இன்னா?"

"ஆடம்பரம் வாணாம்னு வுட்டான்."

"சரி, மொதல்ல அந்த மொதலாளி நரச்ச தலையோட கீறாரு. தறியாண்ட வர்றப்போ மீசைகூட சரியா மொளைக்கல. அது எப்பிடி?"

ஜப்பான் அசரவே இல்லை. "கவல வுட்ச்சில்ல? ஒடம்பு தேறிகினான்."

மரியதாஸ் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்தார். நானும் எதிர்த்துக் கேட்டதில்லை. பி.யூ.சி. தேறியவன், ஆபீஸில் இங்கிலீஷ் கடிதம் எழுதுகிறவன். அந்தப் புத்தகத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஏதோ இடிக்கிறதே என்று தோன்றும். என்ன இடிக்கிறது என்று மட்டும் தோன்றாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலப்பன்சாவடியில் ஜப்பான் நாட்டுக் கார் ஒன்று பஞ்சராகி நிற்பதாக ஒரு லாரி டிரைவர் சொல்லிவிட்டுப் போனார். ஜப்பானும் நானும் கொரட்டூரில் ஒரே தெரு. ஜப்பான் என்னைச் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு, எண்ணெய் தேய்த்து இன்னும் குளிக்காத தலையோடு மிதித்தார். ஆணி குத்திய டயரைக் கழற்றிக் கடைக்கு அனுப்பிவிட்டு, வெள்ளை யூனிஃபார்ம் போட்ட டிரைவர் மர நிழலில் உட்கார்ந்திருந்தார். யாரோ வெளிநாட்டுத் துரையின் கார். ஜப்பான் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதன் பக்கத்தில் போனார். குனிந்து அடியில் பார்த்தார். தரையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"டைமு, ஒரு சொட்டு ஆயில் ஒழுவல."

பிறகு டிரைவரைக் கெஞ்சி, கதவைத் திறந்து சாத்தினார். திறந்தார். சாத்தினார். "நம்மூர் கார் கதவ சாத்துனா மூணு ஊட்டு நாய் குலைக்கும். இத்த பாரு, எவர்சில்வர் டப்பா மூடி மாரி உக்காருது." பன்னிரண்டு முறை சாத்தியிருப்பார். எனக்கும் ஒரு முறை சாத்திப் பார்க்க ஆசையாக இருந்தது, கௌரவம் பார்த்து விட்டுவிட்டேன். அது இன்றும் வருத்தம்தான்.

"யோவ், போதும்யா. கதவு கழண்டுக்கப் போவுது" என்றார் டிரைவர்.

"கழலாது நைனா. இது அவங்க நல்லா இருந்த காலத்து வண்டி. பத்ரமா வச்சிக்கச் சொல்லு தொரைய. கம்பெனி கார வுட்டுட்டு தறிக்குப் பூடும். பார்ட்ஸ் கெடைக்காது."

டிரைவர் என்னைப் பார்த்து, "இவரு யாரு சார்?" என்றார். "இவர்தான் ஜப்பான்" என்றேன். அவர் எழுந்து போய்க் காரின் மறுபக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

இதெல்லாம் தமாஷாகவே போயிருக்கும். எங்கள் ஃபோர்மேன் ஓய்வு பெற்றார், அதில்தான் வினை வந்தது. மேனேஜர் ஜப்பானைக் கூப்பிட்டு, "அடுத்த ஃபோர்மேன் நீதான், திங்கட்கிழமைக்குள்ள சரின்னு சொல்லு" என்றார். இவர் வேண்டாம் என்றால் அந்த இடம் மேனேஜரின் மைத்துனருக்கு. அந்த மனிதருக்கு ஸ்பானரை எந்த முனையில் பிடிப்பது என்பதே சந்தேகம்.

ஜப்பான் சொன்ன பதிலைக் கேட்டு மேனேஜர் என்னைக் கூப்பிட்டு அர்த்தம் கேட்டார். "சார், அவன் மேலேர்ந்து ஒவ்வொரு படியா எறங்கி கடைசில தறிக்கு வந்தான். நான் ஏற்கெனவே கீழதான் கீறேன். மேல ஏறி மறுபடி எறங்கறதுக்கு இன்னாத்துக்கு சார் வீண் வேல?" எனக்கும் அர்த்தம் தெரியவில்லை. ஆனால் அதில் தப்பு எங்கே இருக்கிறது என்றும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் ஜப்பானின் மனைவி செல்வி அக்கா கிணற்றடியில் என்னைப் பிடித்துக்கொண்டார். எங்கள் தெருவுக்கே அந்த ஒரு கிணறுதான். அதன் ராட்டினம் போடும் கீச்சு சத்தம் கொரட்டூர் ஸ்டேஷனில் ரயில் ஊதுவதை அமுக்கிவிடும். இழுக்கவும் பாரம். அக்கா பேசிக்கொண்டே தோளைத் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டார்.

"தம்பி, அந்தாளுக்கு நீதான் சொல்லணும். இருவது வர்சமா மெசினாண்ட நின்னுகினே கீறாரு. ரெண்டு காலும் நரம்பு முடிச்சு முடிச்சா சுருட்டிகினு கீது. ராத்திரில வலில பொலம்பறாரு. ஃபோர்மேன்னா நாற்காலி உண்டாமே? எனக்கு வேற ஒண்ணும் வாணாம் தம்பி. குந்தட்டும்."

எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. எட்டு வருஷமாக அவர் வாயைப் பார்த்தவன், காலை ஒருநாளும் பார்த்ததில்லை.

அந்த வாரம்தான் இரண்டாவது மெஷினைப் பொருத்த ஜப்பானிலிருந்து ஓர் இஞ்சினீயர் வந்தார். ஒல்லியான மனிதர். ஒரு வார்த்தை இங்கிலீஷும் நான்கு தலையசைப்புமாகப் பேசுவார். துணைக்கு என்னைப் போட்டிருந்தார்கள். சனிக்கிழமை வேலை முடிந்ததும் ஜப்பான் கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினார்.

இஞ்சினீயர் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு கையாலும் வாங்கினார், புத்தகத்தைத் திருப்பினார், பின் அட்டையைத் திறந்தார்.

"பின்பக்கம் சார்" என்று ஜப்பான் பதமாக வாங்கி, திருப்பி, முன் அட்டையைத் திறந்து கொடுத்தார். இஞ்சினீயர் சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்து வணங்கிவிட்டு, மறுபடி திருப்பி, மறுபடி பின் அட்டையைத் திறந்தார். ஜப்பான் திருப்பினார். அவர் திருப்பினார். இருவரும் மரியாதைக்காரர்கள், ஆகவே இது கொஞ்ச நேரம் நடந்தது.

"பாவம் டைமு" என்று ஜப்பான் என் காதில் சொன்னார். "படிக்கத் தெர்ல போல."

இஞ்சினீயர் தறிப் படத்தின் மேல் விரலை வைத்து, "ஃபர்ஸ்ட்" என்றார். ஒவ்வொரு பக்கமாக வந்தார். தரையில் பரப்பிய காரைக் காட்டி, அது வெளிநாட்டுக் கார், அதைப் பிரித்துப் போட்டுத்தான் தொழில் கற்றுக்கொண்டார்கள் என்று கையால் நடித்துக் காட்டினார். கடைசியில் கப்பலைக் காட்டி, "நவ்" என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர்கள் ஊரில் புத்தகத்தை நாம் பின் அட்டை என்கிற பக்கத்திலிருந்துதான் படிப்பார்கள். எட்டு வருஷமாக இடித்தது இதுதான்.

"இன்னா டைமு சொல்றாரு?"

பக்கத்தில் நின்றிருந்த மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் செல்வி அக்காவை நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் நாற்காலி கிடைக்கும். ஜப்பானின் இந்த முகம் என்ன ஆகும் என்று தெரியவில்லை.

"அண்ணே, தறிதான் ஆரம்பமாம். அவங்க எறங்கி வரல. தறியிலேர்ந்து ஏறிப் போயிருக்காங்க."

ஜப்பான் புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்திலிருந்து ஒரு முறை பார்த்தார். இந்தப் பக்கத்திலிருந்து ஒரு முறை பார்த்தார். இஞ்சினீயருக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு, சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே போய்விட்டார். எனக்கு நல்லதுதானே செய்தோம் என்று ஒரு மனசு, ஒரு மனிதரின் எட்டு வருஷத்தைப் பிடுங்கிவிட்டாயே என்று ஒரு மனசு.

ஞாயிறு காலை பயந்துகொண்டேதான் அவரைத் தேடிப் போனேன். ஜப்பான் கிணற்று மேடையில் உட்கார்ந்திருந்தார். ராட்டினத்தைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். பக்கத்தில், இரும்புக் குண்டுகள் உருளும் ஒரு பால் பேரிங்.

"வா டைமு. ராவெல்லாம் ரோசன பண்ணேன். அவன் காருக்குப் போனான், கப்பலுக்குப் போனான், எல்லாம் சரி. ஆனா அதுக்கு மின்னாடி இன்னா செஞ்சான்? அவன் அம்மா கஷ்டப்படாம நெய்யறதுக்கு ஒரு தறி பண்ணி குட்துட்டுத்தாம்பா போயிருக்கான். நான் இன்னா செஞ்சேன்? ஊரு மெசினுக்கெல்லாம் பேரிங் போட்டேன். இவ இத்தினி வர்சமா இத்த இழுத்துகினு கீறா."

பேரிங்கைப் பொருத்தி ராட்டினத்தை மாட்டி, கயிற்றைப் போட்டு, செல்வி அக்காவைக் கூப்பிட்டார். அக்கா வழக்கம்போல உடம்பைப் பின்னால் சாய்த்து முழுப் பலத்தோடு ஒரு இழு இழுத்தார். குடம் பறந்து மேலே வந்து முட்ட, பாதித் தண்ணீர் என் மேல். சத்தமே இல்லை. அக்கா ராட்டினத்தையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாய்யா ஆச்சு கெணத்துக்கு? செத்துகித்து பூட்ச்சா?"

"என் தறி முடிஞ்சிது. இனிமே ஏறலாம். நாளைக்கு ஃபோர்மேன் ஆவறேன்" என்றார் ஜப்பான். எல்லோரையும் விடக் குழம்பி நின்றது அக்காதான். குடத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதார்.

திங்கட்கிழமை நாற்காலியில் உட்கார்ந்தார். மைத்துனர் வேறு கம்பெனி தேடிக்கொண்டார். ஜப்பான் ஆறேழு வருஷம் ஃபோர்மேனாக இருந்து எழுபதுகளின் கடைசியில் ஓய்வு பெற்றார். மாலை போட்டு, காராபூந்தி கொடுத்து, எல்லோரும் பேசி முடித்ததும் ஆளைக் காணோம். போய்ப் பார்த்தால், கழுத்தில் மாலையோடு பழைய லேத்தின் முன் நின்று புஷ் என்கிற இரும்பு வளையம் ஒன்றைக் கடைந்துகொண்டிருந்தார்.

"என்ன அண்ணே இது?"

"நான் ஃபோர்மேனா ஏறனது அவங்க பக்கத்துலேர்ந்து படிச்சது டைமு. இப்ப நம்ம பக்கத்துலேர்ந்து படிக்கறேன். ரெண்டும் சரியாத்தான் கீது."

இப்போது பூந்தமல்லி சாலையில் அந்தக் கம்பெனியின் கார்கள் நூல் பிடித்தாற்போலப் போகின்றன. என் மாப்பிள்ளையிடம்கூட ஒன்று இருக்கிறது. அதில் ஏறும்போதெல்லாம் நான் கதவை இரண்டு முறை சாத்துகிறேன், மாப்பிள்ளை ஏன் என்று கேட்பதில்லை. அந்தப் புத்தகத்தைக் கடைசியில் செல்வி அக்கா என்னிடம்தான் கொடுத்தார். அதை எந்தப் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் எடுக்கும்போதெல்லாம் அவர் திறந்த பக்கத்தில்தான் திறக்கிறேன். வேறு பக்கம் திறக்கக் கை வரவில்லை.