சுவரிலிருந்து பேசிய தொரை

அன்று இருந்தவர்கள்: கட்டிலில் வீரமுத்து தாத்தா. நமுனுகுல பக்கம் தேயிலைத் தோட்டத்தில் தொரைமார்களுக்குக் கீழே உழைத்து ஓய்ந்தவர். விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து, கம்பி வைத்த புண் ஆறவில்லை. பக்கத்து வார்டில் ஊசி போட்டுக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்துத் தாதி மிஸ். கீழ்மாடியில், கேமரா படம் ஓடுகிற திரைக்கு முன்னால் நான், செல்வம். பதுளையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சிற்றூழியன்.

நோயாளி எழும்பி விழாமல் பார்ப்பது என் வேலை. எழும்பப் பார்த்தால் மைக்கில் தடுக்க வேண்டும். கேட்காவிட்டால் மணியை அழுத்த வேண்டும், மிஸ் ஓடி வருவார். (மணியே தேவைப்படாது என்று நினைத்திருந்தேன். என் குரல் அப்படி.)

மத்தியானம் தாத்தா தண்ணீர்ப் போத்தலுக்குக் கை நீட்டினார். ஒரு கால் கட்டிலுக்கு வெளியே வந்தது. இன்னொரு தடவை விழுந்தால் நடக்கவே மாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ரேடியோவில் செய்தி வாசிப்பவர் மாதிரி தொண்டையைச் செருமினேன்.

"வீரமுத்து அவர்களே! தயவுசெய்து எழும்ப வேண்டாம்!"

தாத்தா சுவரில் இருந்த ஸ்பீக்கரைப் பார்த்தார். தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்தார்.

"தொரைங்களா? கும்புடுறேனுங்க."

மற்றக் காலும் கீழே வந்தது.

"எழும்பாதீங்க! படுங்க!"

"தொரை பேசுறப்ப படுத்துக்கிட்டா இருக்கிறது? மரியாதை இல்லீங்களே."

இன்னும் சத்தமாகக் கத்தினேன். (சத்தம் கூடக்கூட நான் பெரிய தொரை ஆகிக்கொண்டிருந்தது எனக்கு விளங்கவில்லை.) கட்டில் கம்பியைப் பிடித்து எழும்பியே விட்டார்.

மணி ஞாபகமே வரவில்லை. படியேறி ஓடினேன். வார்டுக்குள் பாய்ந்தேன். தரையை அப்போதுதான் துடைத்திருந்தார்கள். காலிரண்டும் மேலே போக, முதுகாலேயே வழுக்கிப் பக்கத்துக் கட்டிலுக்கு அடியில் போய் நின்றேன்.

தாத்தாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"அடேய் செல்வம், பாத்து வரக்கூடாதா? அங்க தொரை பாத்துக்கிட்டு இருக்காருடா!"

மிஸ் வந்து குனிந்து பார்த்தார்.

"மணியை அமத்தச் சொன்னால், நீர் ஏனப்பா கட்டிலுக்குக் கீழ கிடக்கிறீர்?"

கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு மிஸ் இன்றும் அதைப் போட்டுக் காட்டுகிறார். வீட்டில் நான் கொஞ்சம் சத்தம் போட்டால், "தொரை பேசுறாங்க, எந்திரிங்கடா" என்பாள் மனைவி. பிள்ளைகள் சோற்றுத் தட்டோடு எழும்பி நிற்பார்கள்.

இப்போது மைக்கில், "தாத்தா, பெட்பேன் வைக்கிற செல்வம் பேசுறேன், அப்படியே படுங்க" என்கிறேன். உடனே படுக்கிறார்கள். வேலை நன்றாகவே நடக்கிறது.

கேமரா வந்த பிறகு அந்த வார்டில் விழுந்தவர்கள்: ஒருவர்.