அமைதித் திடலில் புதைத்தவை

வரைபடத்தை மடிக்கும்போது கோடு விழுகிற இடத்தில் மடிவரை என்றொரு நாடு இருந்தது. மடிப்புக்குள் கிடந்ததால் வெளியார் யாரும் அதைச் சரியாகப் பார்த்ததில்லை. அந்நாட்டு மக்கள் தேர்தல்தோறும் தங்கள் விருப்பப்படி ஒருவரைப் பெருங்காவலராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் அவர் அதே ஒருவராகவே இருந்தார். போன முறை யார் ஆண்டார் என்று கேட்டால் யாருக்கும் நினைவில்லாததால், இதை ஒருவரும் குறையாகச் சொன்னதில்லை.

அந்த நாட்டின் தலைநகரில், சங்குத் தெருவில், நன்முகை என்கிற பெண் தனியாக வாழ்ந்துவந்தாள். வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். அரசுச் சலவைக்கூடத்தில் அதிகாரிகளின் சட்டைகளுக்கு இஸ்திரிப் பெட்டி போடுவது அவள் வேலை. அவளுடைய குடி அட்டையில், பெயருக்குக் கீழே, "உறவு: இல்லை. எப்போதும் இல்லை" என்று அச்சிட்டிருந்தது. அவளும் அதை நம்பித்தான் இருந்தாள். குளிக்கும்போது மட்டும் கொஞ்சம் தடுமாற்றம். அடிவயிற்றில் குறுக்கே ஒரு பழைய தையல் தழும்பு. அதைச் சுற்றித் தோல் விரிந்து சுருங்கிய வெள்ளை வரிகள். அந்த வயிற்றில் யாரோ இருந்து வெளியே போயிருக்கிறார்கள். யார் என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

மடிவரையில் இது அதிசயமில்லை. சில காலத்துக்கு முன் நாட்டில் மன அமைதித் துறை தொடங்கப்பட்டது. பொது அமைதியைக் குலைக்கக்கூடிய நினைவுகளை விரும்புவோர் அரசிடம் ஒப்படைக்கலாம் என்பது முதல் ஆணை. தலையில் ஒரு வெள்ளித் தொப்பியை மாட்டுவார்கள். ஒரு குவளை மோர் குடித்து முடிப்பதற்குள் நினைவு சாம்பல்நிறப் பொடியாகி ஒரு செப்புச் சிமிழுக்குள் இறங்கிவிடும். சிமிழை ஊருக்கு வெளியே அமைதித் திடலில் புதைத்துவிடுவார்கள். வலியில்லை, தழும்பில்லை. விரும்பியவர்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்ததால், எல்லோரும் விரும்பியே ஆக வேண்டும் என்று இரண்டாவது ஆணை வந்தது.

அதன் பிறகு ஜனங்கள் வேலைக்கு நடுவிலும் சாப்பாட்டுக்கு நடுவிலும் திடீர் திடீரென்று அழத் தொடங்கினார்கள். துறை இதை ஆராய்ந்து, காரணமின்றி அழுவதைத் தடை செய்தது. அழ விரும்புவோர் அலுவலகத்துக்கு வந்து காரணத்தைத் தெரிவித்து அனுமதி பெறலாம். காரணங்கள் திடலில் கிடந்ததால் ஒருவரும் அனுமதி பெறவில்லை. நாட்டில் சோகமே இல்லை என்று துறை அறிவித்துக்கொண்டது.

நன்முகை ஒருநாள் துணிந்து துறை அலுவலகத்துக்குப் போனாள். உதவி ஆணையர் மாண்பறிவார் அவளை உட்காரச் சொன்னார். நல்ல வெளுத்த சட்டை. அவள் பெட்டி போட்டதாகத்தான் இருக்க வேண்டும்.

"எனக்கு ஒரு புள்ள இருந்திருக்கணும்ங்க," என்றாள். "அது யாருன்னு சொன்னாப் போதும். வேற ஒண்ணும் வேணாம்."

"பிள்ளை இருந்ததாகத் தங்களுக்கு நினைவிருக்கிறதா?"

"இல்லீங்க."

"பிறகு எதைத் தேடி வந்திருக்கிறீர்கள்?"

"வயித்துல தழும்பு இருக்குங்க."

மாண்பறிவார் கனிவோடு தலையாட்டினார். "உடம்பு பல விஷயங்களைச் சொல்லும், அம்மையே. உடம்பின் வாக்குமூலத்தை ஏற்க நம் சட்டத்தில் இடமில்லை. நினைவு இருந்தால்தான் உறவு. தங்களுக்கு நினைவு இல்லை. ஆகவே தாங்கள் எதையும் இழக்கவில்லை. மகிழ்ச்சியோடு வீட்டுக்குச் செல்லுங்கள்."

அவள் எழுந்து வீட்டுக்கு வந்தாள். வழியில் ஒரு குழந்தை யாரையோ "அம்மா" என்று கூப்பிட்டது. சாலையில் நடந்துகொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் சட்டென்று திரும்பிப் பார்த்தார்கள்.

இந்தத் திரும்பிப் பார்த்தல் துறையின் காதுக்கும் எட்டியிருக்க வேண்டும். அடுத்த ஆணை உறவுச் சொற்களைத் தடை செய்தது. அண்ணன், அக்கா, மாமா, அத்தை எதுவும் கூடாது. யாரும் யாரையும் "குடியே" என்றுதான் அழைக்க வேண்டும். கீரைக்காரி வாசலில் நின்று, "குடியே, முருங்கைக் கீரை வேணுமா?" என்று கேட்டாள். பேருந்தில் நடத்துநர், "குடியே, உள்ள போங்க," என்றார். சொல் போனதும் பேச்சும் குறைந்தது. வேலைவிட்டு வந்து கதவைச் சாத்திக்கொண்டால் மறுநாள்வரை நன்முகையின் வாய் திறக்க ஒரு தேவையும் இருக்கவில்லை.

ஒரே ஒருவன் மட்டும் விதிவிலக்கு. பக்கத்து வீட்டுக் கொற்றன். முன்பு காவற்படையில் இருந்து ஓய்வு பெற்றவன். அவனும் தனிக்குடிதான். குழாயில் தண்ணீர் வந்ததும் நடுச்சுவருக்கு மேலாகக் கையை நீட்டி அவள் குடத்தையும் வாங்கி நிரப்பிக் கொடுப்பான். அவன் இடக்கைச் சுண்டுவிரல் எப்போதோ முறிந்து வளைந்து சேர்ந்திருந்தது. குடத்தைத் திருப்பித் தரும்போது தெருவை ஒருமுறை பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொல்வான்:

"பாத்துப் புடிங்கக்கா. விளிம்புவரைக்கும் இருக்கு."

அந்த "அக்கா" அவளுக்கு அன்றைய பொழுதுக்குப் போதும். "சரி தம்பி" என்று அவளும் முணுமுணுப்பாள். மடிவரை நாட்டில் அவர்கள் இருவரும் செய்த குற்றம் அவ்வளவுதான்.

தேர்தல் அறிவிப்பு வந்த மாதம் பெருமழை பெய்தது. அமைதித் திடலில் மண் கரைந்து சிமிழ்கள் மேலே வந்து மினுங்கின. பெருங்காவலர் வானொலியில் பேசி, இதை ஒரு விழாவாகக் கொண்டாடுமாறு கேட்டுக்கொண்டார். மக்கள் குடும்பத்தோடு வந்து சிமிழ்களை மிதித்து மண்ணுக்குள் தள்ள வேண்டும். குடும்பம் என்று ஒன்று யாருக்கும் இல்லாததால் அவரவர் தனித்தனியே வந்தார்கள். நிர்வாக வசதிக்காக ஒவ்வொரு தெருவின் நினைவுகளும் ஒரே வரிசையில் புதைக்கப்பட்டிருந்தன. அந்தந்தத் தெருக்காரர் அந்தந்த வரிசையை மிதிக்க வேண்டும். மேளம் அடித்தது. இனிப்புப் பொங்கல் கொடுத்தார்கள்.

நன்முகை மிதித்துக்கொண்டே போனாள். காவலர்கள் பொங்கலில் கவனமாக இருந்த சமயம், குனிந்து ஒரு சிமிழை எடுத்துத் திறந்து முகர்ந்தாள். பொடியின் நெடியோடு உள்ளே இருந்த நினைவு கண்முன் விரிந்தது. யாரோ ஒருவருடைய சாவு வீடு. அவளுடையதல்ல. மூடிப் புதைத்தாள். அடுத்ததில் இடிக்கப்பட்ட ஒரு கடை. அதற்கடுத்ததைத் திறந்தபோது வெயிலில் கண் கூசியது.

பெரிய சதுக்கம். தோளில் தோல்வார் அறுக்கிறது, நாக்கு வறள்கிறது. எதிரே கூட்டம், பெரும்பாலும் சிறு வயசுக்காரர்கள். ஆற்று நீரைப் போத்தல்களில் பிடித்து வந்திருக்கிறார்கள். நீர் குருதிநிறமாக இருக்கிறது. இதைக் குடிக்க முடியுமா என்று கேட்கிறார்கள். படிக்கட்டின் மேல் ஒரு பெண், மஞ்சள் தாவணி, போத்தலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து எதையோ சொல்லிச் சிரிக்கிறாள். பின்னாலிருந்து ஒரு குரல் "ம்" என்கிறது. இரண்டு கைகள் துப்பாக்கியை உயர்த்துகின்றன. மஞ்சள் தாவணி குறிக்குள் வருகிறது. சத்தம். அந்தப் பெண் களைத்துப்போனவள்போல் படியில் உட்காருகிறாள். கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஒருத்தி செருப்பில்லாமல் ஓடி வருகிறாள். "தும்பை, தும்பை" என்று கத்துகிறாள்.

ஓடி வந்த முகம் நன்முகையின் முகம்.

துப்பாக்கியைப் பிடித்திருந்த இடக்கையில் சுண்டுவிரல் வளைந்திருந்தது.

சிமிழை அவள் திரும்பப் புதைக்கவில்லை. முந்தானையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

முதலில் அவளுக்குள் எழுந்தது துக்கமல்ல, ஒருவகை மகிழ்ச்சி. எனக்கு ஒரு மகள் இருந்தாள். பேர் தும்பை. பல் கொஞ்சம் எடுப்பு. சிரித்தால் இடது கண் சுருங்கும். சலவைக்கூடத்தில் பெட்டி போட்டபடி அந்தப் பெயரை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டுச் சிமிழைத் திறப்பாள். மகள் சிரிப்பாள். குறி அவள்மேல் வந்து நிற்கும்போது சட்டென்று மூடிவிடுவாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி திறப்பாள். துப்பாக்கியின் குறிவழியாக அல்லாமல் மகளைப் பார்க்க அவளுக்கு வேறு கண் இல்லை. அவளுடைய சொந்த நினைவு மண்ணில் எவ்வளவு ஆழத்தில் இருந்ததோ, மழை அதைத் தொடவில்லை.

சுவரோரம் குடம் வைப்பதை நிறுத்தினாள். தண்ணீருக்கு மூன்று தெரு தள்ளிப் போனாள். கொற்றன் காத்திருந்து பார்த்தான். காய்ச்சலோ என்று நினைத்து ஒரு தூக்கில் கஞ்சியைச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போனான். அவள் எடுக்கவில்லை. எறும்பு மொய்த்தது. மறுநாள் காலையில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டான்.

"எம்மேல எதும் கோவமாக்கா?"

அவள் முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். அவனை வெறுக்கத்தான் முயன்றாள். ஆனால் அவள் வெறுக்க வேண்டிய ஆள் சுவருக்கு அந்தப் பக்கம் இல்லை. திடலில் இருந்தான், சிமிழுக்குள் இருந்தான். இந்தப் பக்கம் நிற்பவனுக்கு எதுவும் தெரியாது. தெரிந்தவள் அவள் ஒருத்தி. இத்தனை பெரிய ஊரில் அதை அவள் யாரிடம் சொல்வாள்? கடைசியில் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சிமிழைச் சுவர்மேல் வைத்தாள்.

"இது உன்னோடது தம்பி. தொறந்து பாரு."

அவன் முகர்ந்தான். அப்படியே சுவரில் சரிந்து தரையில் குந்தினான்.

"அந்தப் புள்ள உங்களதா?"

"ஆமா."

மன்னிப்பு என்ற சொல்லை அவன் எடுக்கவில்லை. எழுந்துபோய் முகம் கழுவினான். நல்ல சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டான். "நான் போய்ச் சொல்லிடுறேன்க்கா. எழுதி வச்சுக்கட்டும். என்ன செய்யணுமோ செய்யட்டும்," என்றான். அவளும் கூட நடந்தாள். நினைவு தெரிந்து, அன்றுதான் அவள் தனியாக நடக்கவில்லை.

மாண்பறிவார் அவர்களைப் பார்த்ததும் பேனாவை மூடி வைத்தார்.

"மீண்டுமா, கொற்றனாரே?" என்றார்.

இருவருக்கும் விளங்கவில்லை.

"தேர்தலுக்குத் தேர்தல் மழை வருகிறது. மழைக்கு மழை தாங்கள் வருகிறீர்கள், குற்றத்தை ஒப்புக்கொள்ள. அம்மையாரும்தான். முதலில் தழும்பைக் காட்ட வருவார், பிறகு தங்களோடு வருவார். இருவரும் ஒழுங்கான குடிகள். துறைக்குத் தங்கள்மேல் எந்த வருத்தமும் இல்லை."

நன்முகை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இதே விளிம்பை முன்பும் பிடித்திருக்கிறாள். மகளை இதற்கு முன்பும் கண்டுபிடித்து இதே அறையில் தொலைத்திருக்கிறாள்.

"எங்கிட்டேருந்து எடுக்காதீங்கய்யா," என்றான் கொற்றன். "எனக்கு இது வேணும். நான் செஞ்சது."

"குற்றம் செய்தவர் அதைத் தம் உடைமையாகக் கோர விதியில்லை," என்று மாண்பறிவார் வருத்தத்தோடு சொன்னார். காவலர்கள் கொற்றனை உள்ளறைக்கு அழைத்துச் சென்றார்கள். மோர்க் குவளையும் கூடவே போனது.

"எனக்கு?" என்றாள் நன்முகை.

"தங்களுக்கு ஒரு நற்செய்தி. நாட்டில் செம்புத் தட்டுப்பாடு. புதிய ஆணைப்படி ஒரு சம்பவத்துக்கு ஒரு சிமிழ்தான் ஒதுக்கீடு. ஆகவே முகர்ந்து அறிந்ததைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம்." அவர் குரலைத் தணித்தார். "நிபுணர்கள் ஆராய்ந்துவிட்டார்கள். ஒன்றை ஒருவர் மட்டும் நினைவில் வைத்திருந்தால் அது உடல்நலக் குறைவு. இருவர் வைத்திருந்தால்தான் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை."

உள்ளறைக் கதவு திறந்தது. கொற்றன் உதட்டில் ஒட்டியிருந்த மோரைத் துடைத்தபடி வந்தான். முகம் தெளிவாக இருந்தது.

"அட, நீங்க எங்கக்கா இங்க?" என்றான்.

அதன்பின் அவள் பட்ட தனிமைக்கு முன்னால் அதற்கு முந்திய தனிமை ஒன்றுமே இல்லை. முன்பு அவளிடம் சொல்ல எதுவும் இருந்ததில்லை. இப்போது இருந்தது. காலையில் சுவருக்கு மேலாக அதே கை நீளும். அவள் குடத்தைக் கொடுப்பாள். வேறு யாரும் அவளை அக்கா என்று கூப்பிடப் போவதில்லை.

வாக்குப்பதிவு நாளன்று வெயில் கொளுத்தியது. சங்குத் தெருவே வரிசையில் நின்றது. எதிர்ச்சுவர் முழுக்கப் பெருங்காவலரின் படம், "புதிய தொடக்கம்" என்று. பின்னால் நின்ற கொற்றன் தன் குடையை அவள் தலைக்கு மேல் பிடித்தான்.

"இவருக்கே போட்டுடலாம்க்கா. இவரு இருக்கிறவரைக்கும் ஊர்ல ஒரு சத்தம் கெடையாது."

நன்முகை படத்தைப் பார்த்தாள்.

"எனக்கு ஒரு மக இருந்தா தம்பி," என்றாள். குரலைத் தணிக்கவில்லை. "பேரு தும்பை."

முன்னால் நின்ற பெண் திரும்பினாள். "என்ன ஆச்சு?" என்றாள். மகள் என்ற சொல்லை நெடுநாள் கழித்துக் கேட்டவளின் முகம் அது.

"ஆத்துத் தண்ணி செவந்து போச்சேன்னு கேக்கப் போனா. சுட்டுட்டாங்க."

"எவன் சுட்டான்?" என்றான் கொற்றன். அவன் குரலில் இருந்த கோபம் நிஜமானது. குடைப்பிடியில் விரல்கள் இறுகின.

நன்முகை அந்தக் கையைப் பார்த்தாள்.

"சுட்டவனுக்கு அது நெனவுல இல்ல. எடுத்துட்டாங்க. எடுக்காதீங்கன்னு அவனும் கெஞ்சித்தான் பாத்தான்."

வரிசையில் நாலைந்து தலைகள் இந்தப் பக்கம் திரும்பியிருந்தன. முன்னால் நின்ற பெண் எதையோ யோசித்தாள். பிறகு சுவரில் இருந்த படத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"சுடச் சொன்னவருக்கு?" என்று கேட்டாள்.

வாசலில் நின்ற காவலர், "குடிகளே, நகருங்கள், நகருங்கள்," என்றார்.

வரிசை நகரவில்லை.