படைக்கு என்ன பூசுவது?

அந்தப் பெட்டி என் மனைவி கண்ணில் படவே கூடாது என்று முடிவெடுத்தேன். எடுத்த முடிவில் உறுதியாக நிற்பவன் நான். அவள் வேறு முடிவெடுக்கும்வரை.

பெட்டி அவள் தம்பியுடையது. உள்ளே விரல் உயரப் பிளாஸ்டிக் வீரர்கள், இரண்டு படை. மேஜைமேல் நிறுத்திப் போர் நடத்துகிற விளையாட்டு. ஒன்று அவனுக்கு, ஒன்று எனக்கு. வெறும் சாம்பல் நிறத்தில்தான் விற்பார்கள். அவரவர் படைக்கு அவரவர் விரும்பிய பெயிண்ட். நான் பெயிண்ட் கடைக்காரன் என்பதால், இரண்டுக்கும் அத்தானே நிறம் சொல்லட்டும் என்றிருந்தான். நான் சொல்வதற்குள், காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் படுத்தவன் வீடு திரும்பவில்லை.

அவன் அறையைக் காலி செய்தபோது பெட்டியைக் கடைப் பையில் மறைத்துக் கொண்டுவந்தேன். பார்த்தால் தாங்கமாட்டாள். அவன் படைக்குப் பெயிண்ட் அடித்து முடித்து, அவள் மனம் ஆறியபின் காட்டலாம் என்று திட்டம்.

ஊரார் சுவருக்கெல்லாம் நிறம் சொல்கிறவனுக்கு இதில் கை ஓடவில்லை. நீலம் அடித்தேன், கடைசியாக அவன் போட்டிருந்த சட்டை. பச்சை அடித்தேன், ஆஸ்பத்திரித் திரை. சிவப்பைத் திறந்து அப்படியே மூடினேன். அடித்ததையெல்லாம் துடைத்து வைத்தேன்.

ஒருநாள் யோசனையில் "படைக்கு எதைப் பூசுறது?" என்று வாய்விட்டுப் புலம்பிவிட்டேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். மாலையில் தலையணைமேல் சொறி, படைக்குப் போடும் களிம்பு இருந்தது. தப்பித்தேன் என்று, அரிப்பே இல்லாத முழங்கையில் ஒரு வாரம் தடவிக்கொண்டேன்.

ஞாயிறு காலை எழுந்து வந்தால் சாப்பாட்டு மேஜைமேல் அவன் படை நிற்கிறது. முன்வரிசை முழுக்க மஞ்சளும் ஊதாவும். எந்தப் பெயிண்ட் கடைக்காரனும் சம்மதிக்காத ஜோடி. அவள் விரலெல்லாம் ஊதா.

"எத்தனை நாள்தான் துடைச்சுத் துடைச்சு வைப்பீங்க? பாவம், அம்மணமா நிக்கிற மாதிரி இருக்கு," என்றாள்.

பெட்டி வந்த அன்றே பார்த்துவிட்டாளாம். நான்தான் தாங்கமாட்டேன் என்று பேசாமல் இருந்தாளாம். சின்ன வயதில் அவள் சைக்கிளுக்கு, அவளைக் கேட்காமலே தம்பி அடித்த நிறம் இது. பதிலுக்கு அவளும் அடித்தாளாம், அவனை. சொல்லிவிட்டு ஊதா விரலால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் முகம் கழுவப் போனேன். திரும்பி வர நேரமாயிற்று.

மீதியைச் சேர்ந்து உட்கார்ந்து முடித்தோம். என் படை மட்டும் சாம்பலாக மிஞ்சியது. எனக்கு ஒரு நிறமும் தோன்றவில்லை. அவளையே கேட்டேன்.

அவன் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் போய் அமர்ந்தாள். மஞ்சள் ஊதாப் படையைத் தன் பக்கம் இழுத்து வரிசையாக நிறுத்தினாள்.

"வெள்ளை அடிச்சிடுங்க," என்றாள். "எப்படியும் சரணடையத்தானே போறீங்க."