தண்ணி காட்டப் போனவன்

அந்த மாதம் முதல் தேதி நான் ஒரு மகத்தான முடிவெடுத்தேன். இனிப் பொதுக்காரியம் எதிலும் தலையைக் கொடுப்பதில்லை. இரண்டே நாளில் கொடுத்தேன். அதன் மேல் குடத்தையும் வைத்துவிட்டார்கள்.

நான் தையல்காரன். நாள் முழுக்க மைல் கணக்கில் மிதித்தும் ஓர் அடிகூட நகராத தொழில். எங்கள் வீடு மேட்டுத் தெருவில். கிணறு பள்ளத்தில், கால் மைல் கீழே. அங்கிருந்து தினம் எட்டுக் குடம் தண்ணீர் வீட்டுக்கு வரும். எப்படி வருகிறது என்று நான் யோசித்ததில்லை. பானையில் இருக்கும், குடிப்பேன். மனைவி என்று ஒருத்தி இருக்கும்போது தண்ணீருக்கு என்ன பஞ்சம்?

அவள்தான் தெருப் பெண்கள் சங்கத்தின் செயலாளர். போன வருஷம் கொல்லையில் அவள் போட்ட கத்தரியும் தக்காளியும் பூ விட்ட கையோடு கருகின. எட்டுக் குடத்தில் மனுஷருக்குப் போக செடிக்கு மிஞ்சவில்லை. எல்லா வீட்டிலும் இதே கதைதான். கிணற்றில் மோட்டார் வைத்து மேட்டுத் தெருவுக்குக் குழாய் இழுப்பது, வீட்டுக்கு வீடு காய்கறித் தோட்டம் போடுவது என்று சங்கம் தீர்மானித்தது. நிதிக்கு என் மனைவி ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"ஆம்பளைங்க குடம் தூக்கணும். ஒரு நடைக்கு இவ்வளவுன்னு கடைத்தெருக்காரங்க நன்கொடை தர்றாங்க."

"தண்ணி தூக்கறதைப் பார்க்க எவன் காசு குடுப்பான்?"

"நாங்க தூக்கினா எவனும் குடுக்க மாட்டான். நீங்க தூக்கினா வேடிக்கைக்குக் குடுப்பான்."

"இதெல்லாம் ஒரு வேலையா? ஒரு குடம் தண்ணி. இதுக்குப் போய் இவ்வளவு அலட்டல்!"

"அப்படியா? தபால்காரர் ஆறு நடைக்குப் பேர் குடுத்திருக்கார்."

"அந்த ஒல்லிக்குச்சி ஆறா? எனக்குப் பத்து எழுதிக்கோ!"

எழுதிக்கொண்டாள். நான் வாயைத் திறக்கும் முன்பே அவள் பேனாவைத் திறந்துவிட்டிருந்தாள். அதை நான் கவனிக்கவில்லை.

எல்லாருக்கும் ஒரே மாதிரி எவர்சில்வர் குடம் சங்கத்திலிருந்து வந்தது. கொல்லைப்பக்கம் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, நிரப்பித் தலையில் வைத்து ஒத்திகை பார்த்தேன். கழுத்து சட்டைக்குள் இறங்கிவிட்டது. காலர் காதைத் தொட்டது. பத்து நடை நடந்தால் எனக்கு அளவெடுக்கக் கழுத்தே இருக்காது.

மறுநாள் குடத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வெல்டரிடம் போனேன்.

"கோட்டுக்கு உள்துணி வைக்கிற மாதிரி இதுக்குள்ள ஒரு தகடு வைக்கணும். மேல மட்டும் தண்ணி நிக்கணும். கீழே காத்து."

"எதுக்கு அண்ணே?"

"ஒரு விஞ்ஞானப் பரிசோதனை."

அடியை அறுத்து, நடுவில் தகடு வைத்து, மறுபடி அடியைப் பற்றவைத்துக் கொடுத்தான். மூன்றில் ஒரு பங்குதான் பிடித்தது. மேலிருந்து பார்த்தால் தளும்பத் தளும்ப நிறைந்த குடம்! அடையாளத்துக்குக் கழுத்தில் ஒரு சிவப்பு நூலைக் கட்டினேன். ஊருக்கே தண்ணி காட்டப் போகிறோம் என்ற பூரிப்பில் அன்றைக்கு இரண்டு சட்டைக்குக் கை மாற்றித் தைத்தேன்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை காலையில். கிணற்றடியில் நல்ல கூட்டம். என் மனைவியும் இடுப்பில் ஒரு குடத்தோடு வந்து நின்றாள்.

"உங்களுக்குப் பேச்சுத் துணைக்கு வர்றேன். என் நடை கணக்குல சேராது."

சங்கத்துப் பெண்கள் இரண்டு பேர் சிவப்பு நூல் குடத்தை நிரப்பி என் தலையில் ஏற்றினார்கள். ஏற்றியதும் எனக்குக் கிணறு இரண்டாகத் தெரிந்தது. தலைக்கனம் என்றால் என்னவென்று அன்றுதான் புரிந்தது. பாவி வெல்டர்! தகடு கேட்டால் தண்டவாளத்தையே வைத்துவிட்டானே!

வாய்விட்டுச் சொல்லவா முடியும்? நடந்தேன். மேட்டில் வேறு பெண்கள் குடத்தை இறக்கித் தொட்டியில் கவிழ்த்தார்கள். நான் அந்தத் தொட்டியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். திரும்பவும் கீழே. திரும்பவும் மேலே.

அவளோ பக்கத்தில் சர்வ சாதாரணமாக வந்தாள். மூச்சுகூட வாங்கவில்லை. அவரைக்குப் பந்தல் எங்கே போடுவது, வெண்டை விதை யாரிடம் கேட்பது, என் தங்கை மாப்பிள்ளைக்கு ஏன் முடி கொட்டுகிறது, எல்லாம் பேசினாள்.

"ஏங்க, நான் சொல்றது சரிதானே?"

கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கேள்விக்கு நான் தலையாட்டாத ஒரே நாள் அதுதான். ஆட்டினால் குடம் விழுந்துவிடும்.

தபால்காரர் ஐந்தாம் நடையில் உட்கார்ந்துவிட்டார். மருந்துக்கடைக்காரருக்கு ஒரே உற்சாகம். "இனிமே தையல்காரருக்கு நடைக்கு ரெண்டு மடங்கு!" என்று கத்தினார். கூட்டம் கை தட்டியது. நிற்கவும் முடியாது, நடக்கவும் முடியாது.

ஒன்பதாவது நடையில், பாதி மேட்டில், எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"ஏம்மா, தினம் எட்டு நடையா இப்படி?"

"ஆமாங்க."

"பதினாலு வருஷமாவா?"

"நடுவுல பிரசவத்துக்கு ரெண்டு மாசம் விட்டிருக்கேன்."

பத்தாவது நடையைக் கூட்டத்துக்காக நடக்கவில்லை.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தது. கொல்லையில் காய்ந்து கிடந்த பாத்தி ஓரம் மல்லாந்து கிடந்தேன். அவள் தன் குடத்தைப் பாத்தியில் கவிழ்த்தாள். சளக்கென்று கொஞ்சம் விழுந்தது. அவ்வளவுதான்.

"என்ன, உன் குடத்துல இவ்வளவுதானா தண்ணி?"

"உங்க குடத்துலன்னு சொல்லுங்க."

எழுந்து உட்கார்ந்தேன்.

"வெல்டர் சம்சாரம்தான் எங்க சங்கத்துக்குப் பொருளாளர்," என்றாள். "சிவப்பு நூலை மட்டும் இதுலேர்ந்து எடுத்து வேற குடத்துல கட்டினேன். அவுக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. தையல்காரர் முடிச்சு பாருங்க!"

திட்டுவாள் என்று காத்திருந்தேன். சிரித்தாள். தைலத்தை எடுத்து வந்து என் கழுத்தைச் சட்டைக்குள்ளிருந்து வெளியே இழுத்துத் தேய்த்துவிட்டாள்.

"ஏமாத்தி நடந்திருந்தா ஊர்க் காசை வாங்க எனக்குக் கை கூசியிருக்கும். இப்ப பாருங்க, பத்தும் அசல் நடை."

மூன்று மாதத்தில் குழாய் வந்தது. முதல் தண்ணீர் கரகரவென்று இருமிவிட்டுக் கொட்டியபோது தெருவே ஈரத்தில் நின்று சிரித்தது. இப்போது எங்கள் கொல்லையில் தக்காளி சிவந்திருக்கிறது. அவரை பந்தலேறிவிட்டது. சாயங்காலம் அதன் நிழலில் பித்தான் தைத்துக்கொண்டு உட்காருவேன். மனசு நிறைந்திருக்கும்.

நேற்று அப்படி உட்கார்ந்திருந்தபோது பக்கத்து ஊரிலிருந்து இரண்டு பெரியவர்கள் வந்தார்கள்.

"எங்க ஊருக்கும் குழாய் வேணும். நீங்க ஒரு நாள் வந்து நடந்தா நன்கொடை தானா வரும்."

எனக்குக் கழுத்து உள்ளே போக ஆரம்பித்தது. "வரலாம்தான்," என்றேன், கம்பீரமாக. "ஆனா வீட்டுல ஒரு வார்த்தை கேக்கணும். அவ விடமாட்டா."

பெரியவர் மடியிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்து நீட்டினார். நடுவில் என் படம், பெரிதாக. பதினைந்து நடை என்று போட்டிருந்தது.

"அவங்கதாங்க போன வாரமே வந்து பேசி முடிச்சாங்க," என்றார். "எங்க ஊர்ல கிணறு ஒரு மைல் கீழே."